இசைக்கு வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர்

பாட்டு சோறு போடுமா என்று பிள்ளைகளைக் கேட்கிறோம் அல்லவா? சோறு போட்ட தொழிலின் வருமானத்தைப் பாட்டுக்கே அள்ளிக் கொடுத்த ஒருவரை அறிந்துகொள்ளுங்கள்.

தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில், கிறித்துவக் குடும்பத்தில் 1859-இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, தஞ்சைப் பெண்கள் பள்ளியில் தமிழ் கற்பித்தார். 1890-இல் வேலையை விட்டு முழுநேரச் சித்த வைத்தியரானார். செல்வம் சேர்ந்தது. பெட்டியில் பூட்டி வைத்தாரா? இல்லீங்க!

கர்நாடக இசையோடு மேல்நாட்டு இசையும் கற்றார். இசை பயிலும் பிள்ளைகள் தாய்மொழியிலேயே பாடட்டும் என்று தமிழில் கீதங்கள் இயற்றினார். வித்துவான்கள் ஒன்றுகூடி இசை நுட்பங்களை வெளிப்படையாக ஆராயட்டும் என்று, 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். சொந்தப் பணத்திலேயே மாநாடுகளை நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், தம் ஆராய்ச்சியை விளக்கத் தம் பெண்மக்களையே சபையேற்றினார். குடும்பப் பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம் அது!

ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய கருணாமிர்த சாகரம் 1917-இல் வெளிவந்தது. 1919-இல் கண்மூடினார்.

கோயிலோ, தேவாலயமோ, பள்ளி மேடையோ, உங்க வீட்டுப் பெண் பாட ஆசைப்பட்டால் தடுக்காதீங்க. மாணவர்களே, கற்றதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீங்க. தம்பி தங்கைக்கும் சொல்லிக் கொடுங்க. பண்டிதர் வாழ்ந்து காட்டியது அதுதான்.