இமாம் அபூ யூசுஃப் (ரஹ்): ஆசானின் நம்பிக்கையில் மலர்ந்த வாழ்வு

உங்கள் இல்லத்தில் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு மகன் இருக்கலாம். அவன் உள்ளம் படிப்பை நாட, குடும்பத்தின் நிலை அவனைக் கடைக்கு இழுக்கலாம். அல்லது படிப்பும் தொழிலும் கைகூடாமல் அவன் தலைகுனிந்து நிற்கலாம். இவன் எதிர்காலம் என்னாகுமோ என்று நீங்கள் பெருமூச்சு விடுமுன், ஏறத்தாழ 1,280 ஆண்டுகளுக்கு முன் கூஃபா நகரில் வாழ்ந்த ஓர் ஏழைச் சிறுவரின் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள்.

யஅகூப் என்பது அவர் பெயர். தந்தையார் பெயர் இப்ராஹீம். ஹிஜ்ரி 113ஆம் ஆண்டில் (கி.பி. 731) அவர் பிறந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவருடைய முன்னோரான ஸஅது (ரலி) அவர்கள், உஹதுப் போருக்குப் புறப்பட்டு வந்து, வயது போதாமையால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் திருப்பி அனுப்பப்பட்ட சிறார்களுள் ஒருவர். இத்தகைய குலப்பெருமை இருந்தும் வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. சிறுவருக்கோ கல்வியின்மீது தணியாத தாகம்.

அக்காலத்தில் கூஃபாவில் பட்டுத் துணி வணிகம் செய்துகொண்டே மார்க்கச் சட்டக் கல்வியைப் போதித்து வந்தார்கள் இமாமுல் அஃழம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள். அவர்களுடைய பாட வட்டத்தில் யஅகூபும் வந்து அமர்ந்தார். ஆனால் அமர்ந்த இடத்தில் நிலைக்க வறுமை விடவில்லை. வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சி இருவகையாகக் காணப்படுகிறது. ஒன்றின்படி, உழைத்துப் பிழைக்க வேண்டிய நமக்குச் செல்வரான இமாமோடு சரிசமமாக அமர்ந்திருக்க இயலுமா என்று கூறி, தந்தையார் மகனை அழைத்துச் சென்றுவிட்டார். மற்றொன்றின்படி, தந்தையார் முன்பே மறைந்துவிட, அன்னையார் மகனைத் துணி வெளுப்பவர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்த்தார். சிறுவர் வேலையை விட்டுவிட்டுப் பாடத்திற்கு ஓடுவார். அன்னையார் வந்து கையைப் பற்றி இழுத்துச் செல்வார்.

பலமுறை இவ்வாறு நடந்தபின், அந்த அம்மையார் இமாமிடமே நேரில் முறையிட்டார். தாம் நூல் நூற்று இந்த அநாதைப் பிள்ளைக்குச் சோறிடுவதாகவும், நாளொன்றுக்கு ஒரு சிறு காசேனும் அவன் ஈட்ட வேண்டுமென்று தாம் ஏங்குவதாகவும், இமாம் அவர்களே அவனைக் கெடுப்பதாகவும் மனம் நொந்து கூறினார். இமாம் அவர்களோ, இவன் பிஸ்தா எண்ணெய் சேர்த்த பாலூதா உண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்ற கருத்துப்படப் பதில் கூறினார்கள். பாலூதா என்பது மாவும் தேனும் கொண்டு கிண்டப்பட்ட, அரண்மனைகளுக்கே உரிய இனிப்பு. கேலி செய்கிறார் என்றெண்ணி அம்மையார் சினந்து சென்றார்.

அந்தத் தாயை நாம் குறைகூறலாகாது. நாளை அடுப்பெரியுமா என்ற அச்சத்தில் பிறந்த கோபம் அது. இமாம் அவர்கள் அதனை நன்கறிந்திருந்தார்கள். ஆகவேதான் வெறும் ஆறுதல் மொழியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. முதலில் கூறிய வரலாற்றின்படி, பாடத்திற்கு வராத மாணவரைத் தேடி விசாரித்தார்கள். மீண்டும் வந்தபோது, மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை காத்திருந்து ஒரு பையை அவர் கையில் வைத்தார்கள். அதில் நூறு திர்ஹம் இருந்தது. பாடத்தை விடாமல் தொடருமாறும், இது தீர்ந்தால் தெரிவிக்குமாறும் கூறினார்கள். ஆனால் தெரிவிக்க வேண்டிய நிலையே மாணவருக்கு வரவில்லை. பணம் தீரும் வேளையை யாரோ சொல்லிவைத்தாற்போல், அடுத்த பை தானே வந்து சேரும். பிறர் அறியாமல் கொடுத்ததால் உதவி கிடைத்தது. இளைஞரின் மானமும் காக்கப்பட்டது.

நம்பிக்கை வைப்பதென்றால் பிழையைக் கண்டும் காணாதிருப்பதன்று. ஒருமுறை யஅகூப் கடும் நோயுற்றபோது, இவர் மறைந்தால் உலகுக்குப் பேரிழப்பாகும் என்று இமாம் அவர்கள் வருந்தினார்கள். நோய் நீங்கியதும் அச்சொல்லைக் கேள்வியுற்ற யஅகூப், தமக்கெனத் தனிப் பாட வட்டம் தொடங்கிவிட்டார். இமாம் அவர்கள் ஒருவர் வாயிலாக ஒரு கேள்வியை அனுப்பினார்கள். வெளுக்கக் கொடுத்த துணியைத் தாம் வாங்கவேயில்லை என்று மறுத்த தொழிலாளி, பின்னர் அதனை வெளுத்தே திருப்பித் தந்தால் கூலி உண்டா? உண்டு என்றார் யஅகூப். பிழை என்றார் வந்தவர். இல்லை என்றார், அதுவும் பிழை என்றார். யஅகூப் உடனே ஆசானை நாடி ஓடினார். மறுக்குமுன் வெளுத்திருந்தால் கூலி உண்டு. அபகரித்தபின் வெளுத்திருந்தால் அது தனக்காகச் செய்த வேலை, ஆகவே கூலியில்லை என இமாம் அவர்கள் விளக்கினார்கள். கற்பது இனித் தேவையில்லை என்று எண்ணுவது எத்துணைப் பெரிய பிழை என்பதையும் உணர்த்தினார்கள்.

ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) மறைந்தார்கள். அபூ யூசுஃப் என்று அழைக்கப்பட்ட அந்த மாணவர், பின்னர் கலீஃபா மஹ்தியின் காலத்தில் காழியானார். 786இல் ஆட்சிக்கு வந்த ஹாரூன் ரஷீதின் காலத்தில் காழில் குழாத் என்னும் தலைமை நீதிபதிப் பட்டத்தை முதன்முதலாகப் பெற்றார். கலீஃபாவுக்காக அவர் எழுதிய கிதாபுல் கராஜ் என்னும் நூலில், உழவர்மீது தாங்கவொண்ணா வரி கூடாதென்றும், கைதிகள் சங்கிலியோடு தெருவில் இரந்துண்ணும் நிலை ஒழிய வேண்டுமென்றும், அவர்களுக்கு உணவும் கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற ஆடையும் அரசே வழங்க வேண்டுமென்றும் வலியுறுத்தினார். பசியை அறிந்தவர் வகுத்த நீதியன்றோ இது! தமிழகத்தில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் இல்லங்கள் வரை அந்தச் சட்ட ஞானம் வந்து சேர்ந்ததில் இவருக்குப் பெரும்பங்குண்டு.

ஒருநாள் ஹாரூன் ரஷீதின் விருந்தில் ஒரு தட்டு வந்தது. அரிதாகவே செய்யப்படும் உணவு என்று கூறி, உண்ணுமாறு கலீஃபா வேண்டினார். அது பிஸ்தா எண்ணெய் சேர்த்த பாலூதா! அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் சிரித்துவிட்டார்கள். காரணம் கேட்டறிந்த கலீஃபா வியந்து, முகக்கண்ணால் காணவியலாததை அறிவுக்கண்ணால் கண்டவர் அபூ ஹனீஃபா என்று போற்றி, அவர்களுக்காகத் துஆச் செய்தார்.

வாசகர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தட்டு வந்தபோது இமாம் அவர்கள் உலகில் இல்லை. விதைத்தவர் விளைச்சலைக் காணவில்லை. ஆயினும் வாடிய முகத்தோடு வந்த ஒரு சிறுவரிடம் அவர்கள் நாளைய நாளைக் கண்டார்கள். அதற்குரிய செலவையும் காலத்தையும் கண்டிப்பையும் தாமே ஏற்றார்கள். உங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ, உங்கள் கடையிலோ இன்று ஒரு யஅகூப் நின்றுகொண்டிருக்கலாம். அவனை வராதபோது தேடுங்கள், பிறர் அறியாமல் உதவுங்கள், தவறும்போது திருத்துங்கள். பலனை நீங்கள் காணாமற்போகலாம். அல்லாஹ்விடம் அது வீணாவதில்லை. நம் பிள்ளைகளின் நாளைய நாளை அவன் நன்னாளாக்கி அருள்வானாக! ஆமீன்.