களிமண்ணில் கற்ற பாடம்

ஆற்றைக் காணாத ஆசிரியர் ஆற்றைப் பற்றிப் பாடம் நடத்துவதா? கரும்பலகையில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு பெயர், முடிந்தது பாடம்! இந்தக் கொடுமையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்த்து நின்றவர் பெஸ்டலாசி.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1746-ல் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். ஏழைக் குழந்தைகளைக் கல்வியால் உயர்த்தலாம் என்று நம்பினார். 1774-ல் தமது பண்ணையிலேயே அவர்களைச் சேர்த்து, நூற்கவும் நெய்யவும் எழுதவும் கற்பித்தார். கொள்கை இருந்தது, நடத்தும் பக்குவம் இல்லை. கடன் மிஞ்சியது, 1780-ல் பள்ளி மூடப்பட்டது.

1799-ல், போர் தின்று தீர்த்த ஸ்டான்ஸ் ஊரில் சுமார் 80 குழந்தைகளை ஏற்றார். நூல் இல்லை, துணை ஆசிரியர் இல்லை. அவர்களோடு உண்டார், அவர்களோடு உறங்கினார். ஐந்தே மாதத்தில் அந்த இடம் பிரெஞ்சுப் படையின் மருத்துவமனையாயிற்று. ஆனால் அந்த ஐந்து மாதங்களே அவருடைய கொள்கைக்கு உயிர் தந்தன. முதலில் காணவேண்டும், பெயர் பிறகு வரட்டும் என்று தெளிந்தார்.

1805-ல் இவெர்டான் கோட்டையில் பள்ளி எழுந்தது. அங்கே நிலவியல் பாடம் எப்படி? ஆசிரியர் பிள்ளைகளைப் பியூரோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்வார். பார்த்துவிட்டு, கரையிலிருந்து களிமண் சுமந்து வருவார்கள். பள்ளி மேசைமீது அந்தப் பள்ளத்தாக்கையே உருவாக்குவார்கள். மறுநாள் இன்னும் உயரமான இடத்திலிருந்து பார்ப்பார்கள், உருவம் வளரும். அது முடிந்த பிறகே வரைபடத்தை விரிப்பார்கள்!

இதைக் கற்க ஆசிரியர்கள் வந்தனர். பிரஷ்ய அரசு இளைஞர்களை அனுப்பியது. பின்னாளில் குழந்தைத் தோட்டப் பள்ளி கண்ட புரோபெல், 1808-ல் தம் மாணவர்களோடு வந்து, இரண்டாண்டு அங்கே மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தார்.

ஆசிரியர்களுக்குள் பூசல் மூண்டது. 1825-ல் பள்ளி மூடியது. 1827-ல் பெஸ்டலாசி மறைந்தார். அவர் முறை இங்கிலாந்தில் ‘பொருட்பாடம்’ என்று பரவிற்று. நாளடைவில் பல பள்ளிகளில் பொருள் போயிற்று, மனப்பாடம் நின்றது! முறையின் பெயரைக் கற்ற ஆசிரியர்கள், முறையைச் செய்து கற்கவில்லை.

ஏட்டைக் கொளுத்தச் சொல்லவில்லை நாம். பெஸ்டலாசியின் பிள்ளைகளும் கடைசியில் வரைபடம் படித்தவர்களே. ஆனால் தறியில் அமராதவன் நெசவு கற்பிக்க முடியுமா? தொழிலாளத் தோழர்கள் அறிவார்கள். பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லவேண்டிய ஆசிரியரை, பயிற்சிக் கூடத்தின் நான்கு சுவருக்குள் அடைத்து வைக்கலாமா? முதலில் அவர் ஆற்றங்கரைக்குப் போகட்டும். கையில் களிமண் ஒட்டட்டும்!