பிரித்துப் பார்த்துக் கற்றவர்

கழக்கூட்டம் நெடுஞ்சாலையில் நாள்தோறும் பேருந்துகள் ஓடுகின்றன. பேருந்துகள் அரிதாக இருந்த காலத்தில், ஒன்றைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பள்ளிப்படிப்பில் நாட்டம் இல்லை. இளமையில் ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். மாடும் குதிரையும் இன்றி வண்டி ஓடுவது எப்படி என்னும் வினா அவரை விடவில்லை. கோவையில் உணவு விடுதிப் பணியாளராக உழைத்துப் பணம் சேர்த்து, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

ஓட்டி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. அரிதின் ஈட்டிய பொருள் வீணாகுமோ என்று அஞ்சாமல், வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். ஒவ்வோர் உறுப்பின் வேலையையும் அறிந்தவருக்கே பழுது எங்கே உள்ளது என்பது புலப்படும்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் ஓரிருவரைச் சுமப்பது. பேருந்து பலரைச் சுமப்பது. அளவு வேறாயினும், எரிபொருளால் இயங்கும் பொறியே இரண்டுக்கும் உயிர். ஒன்றில் கற்றது மற்றொன்றில் கைகொடுத்தது. அந்த ஒற்றைப் பேருந்து நாளடைவில் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

தாம் தனியே கற்றதை இளைஞர் பலரும் முறையாகக் கற்கும் வண்ணம், கோவையில் தொழிற்கல்வி வளரத் துணைநின்றார். 1974இல் மறைந்தார்.