இராமானுஜனாரின் வரவும் செலவும்

போடிநாயக்கனூரில் வளர்ந்தோர்க்கு மாதச் சம்பளம் என்பது சற்றே புதுமையான பொருள். போடிமெட்டிற்கு அப்பால் மலைச்சரிவுகளில் விளையும் ஏலச்செடி, நட்டு மூன்றாம் ஆண்டளவில்தான் பயன்தரத் தொடங்கும். பின்னரும் ஆடி ஆவணி முதல் தை மாசி வரையில், சில வாரங்கட்கு ஒருமுறையாகக் காய் முற்ற முற்றப் பறிக்கப்படும். பணமும் அவ்வாறே விட்டுவிட்டு வரும்; கோடையில் வாராது. ஏலக்காய் ஏலத்தில் (இரண்டிற்கும் நம் மொழியில் ஒரே சொல் அமைந்தது வேடிக்கையே) விலை தாழ்ந்துவிடின், அவ்வாண்டு கடன்பட்டு நடக்கும் இல்லங்கள் பல. அச்சரிவுகளிலிருந்து இக்கல்லூரிக்கு வந்த நாம், இன்னும் ஓரிரு ஆண்டில் எங்கேனும் ஓர் ஊரில் தனித்து வாழ்ந்து, திங்கள்தோறும் ஒரே தொகையைக் கையில் வாங்கப்போகின்றோம். அதனைப் பகுத்துக்கொள்வது எங்ஙனம்?

இவ்வினாவோடு நாம் நாடியது கணித மேதை சீனிவாச இராமானுஜனாரின் வரலாற்றை. அவர் கண்ட தேற்றங்கள் நம்போன்ற தமிழ் மாணவர்க்கு எட்டாதவை. ஆயினும் அவர் கைக்கு வந்த ரூபாய்களின் கணக்கு நமக்கும் விளங்கக் கூடியதே.

அவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். மாத வருவாய் 20 ரூபாய் அளவினதே. தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பசனை பாடிச் சில ரூபாய் ஈட்டினார். வெளியூர் மாணாக்கரை இல்லத்தில் வைத்துச் சோறிட்டும் குடும்பத்தைத் தாங்கினார். 1904இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் இராமானுஜனார் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றையே கருதிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவித்தொகை பறிபோயிற்று. ஒரு பருவத்திற்குக் கட்டணம் 32 ரூபாய்; தந்தையாரின் ஒன்றரை மாதச் சம்பளம்! இல்லத்திற் சொல்லாது விசாகப்பட்டினத்திற்கு ஓடிப்போனமையும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எப். ஏ. தேர்விலே தவறியமையும் யாவரும் அறிந்தவை. காகிதம் விலைமிக்க பொருளாதலின் அவர் கற்பலகையிலேயே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவினை மட்டுமே குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அவருடைய சிக்கனங்களுள் நம் மனத்தை மிகவும் தொடுவது இதுவே.

1909இல் அவர்க்கும் சிறுமி ஜானகிக்கும் திருமணம் நிகழ்ந்தது. அதன்பின் வருவாய் தேடுதல் கடமையாயிற்று. 1910இல் திருக்கோவலூர் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் துணைக் கலெக்டருமாகிய இராமசாமி ஐயரிடம் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். குறிப்பேடுகளைக் கண்ட ஐயர், அத்தகையாரை அவ்வேலையில் அமர்த்த மனமின்றிச் சென்னை அன்பர்களிடம் அனுப்பினார். அவர்கள் வாயிலாக அறிமுகமான நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், திங்கள் 25 ரூபாய் தம் கையிலிருந்தே அளித்து வந்தார்.

ஈண்டு நாம் சிறிது நிற்றல் வேண்டும். 25 ரூபாய் உழைப்பின்றி வருகின்றது. கணித ஆராய்ச்சிக்குப் பகலும் இரவும் தம்முடையன. பிறரெனின் அவ்வாறே இருந்திருப்பர். இராமானுஜனாரோ நெடுநாள் ஒருவர்க்குச் சுமையாயிருத்தலை விரும்பினாரல்லர். 1912ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கணக்குத் தணிக்கைத் தலைமை அலுவலகத்தில் 20 ரூபாய்க்குச் சில வாரம் தற்காலிக வேலை பார்த்தார். பின்னர் மார்ச்சு 1ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். தமக்கென ஒரு வருவாய் நிலைத்த பின்னரே தாயாரும் ஜானகியம்மையாரும் சென்னைக்கு வந்து அவருடன் வாழலாயினர்.

1913இல் கேம்பிரிட்சிலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தின் பயனை விரித்தல் வேண்டா. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக் கழகம் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் ஆண்டிற்கு 250 பவுன் உதவித்தொகையோடு அவர் கப்பலேறினார். முப்பது ரூபாய் எழுத்தர் இரண்டே ஆண்டில் அடைந்த உயர்வு இது. திடீரெனச் செல்வம் பெற்றார் இயல்பாகச் செய்வதை அவர் செய்திலர். புறப்படுமுன்னரே, திங்கள் 60 ரூபாய், அஃதாவது ஆண்டிற்கு ஏறக்குறைய 50 பவுன், தம் கைக்கு வாராது பெற்றோர்க்கே நேரே சென்று சேருமாறு ஏற்பாடாயிற்று. செலவிட்டு எஞ்சியதை இல்லத்திற்கு அனுப்புவோம் என்றிருப்போர்க்கு எஞ்சுவது யாது என்பதை விடுதியில் வாழும் நாம் நன்கறிவோம்! இல்லத்தின் பங்கு முதலிற் பிரிந்தது. மிகுந்ததில் அவர் வாழ்ந்தார். டிரினிடி கல்லூரியும் ஆண்டிற்கு 60 பவுன் சேர்த்தளித்தது. மரக்கறி உணவைத் தாமே சமைத்துண்டவர்க்கு அஃது எளிதிற் போதியதாயிற்று.

எனினும் போர்க்காலம், குளிர்நாடு, நல்ல காய்கறி கிடைத்தல் அரிது. உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் அவர்க்கு ஒழுங்காயில்லை. 1917இல் நோய் பற்றியது. பணம் மிஞ்சிற்று, உடல் தேய்ந்தது.

1918இல் அரசகழக உறுப்பினர், டிரினிடி கல்லூரி உறுப்பினர் என்னும் பெருமைகள் வந்தன. சென்னைப் பல்கலைக் கழகம் மேலும் ஐந்தாண்டிற்கு ஆண்டுதோறும் 250 பவுன் அளிக்க முன்வந்தது. 1919 சனவரி 11ஆம் நாள், மருத்துவ இல்லத்தில் இருந்தவாறே, பல்கலைக் கழகப் பதிவாளர்க்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தமக்கு வருந்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், 50 பவுன் பெற்றோர்க்குச் சேரவேண்டும் என்றும், தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சியது ஏழைச் சிறுவர்க்கும் தாய்தந்தையற்றோர்க்கும் பள்ளிக் கட்டணம் குறைக்கவும் நூல்கள் வாங்கவும் பயன்படவேண்டும் என்றும் அதில் வேண்டினார். 32 ரூபாய்க் கட்டணத்தை அவர் மறந்திலர் போலும்.

இத்தகு கடிதத்தில் குறை காணல் தகுமோ என அஞ்சுகின்றோம். ஆயினும் கண்டதைச் சொல்லாதிருத்தலும் நேர்மையன்று. பெற்றோர்க்குப் பங்கு உண்டு. முகமறியாச் சிறுவர்க்கும் உண்டு. மனைவியார்க்கெனத் தனிப்பங்கு அக்கடிதத்தில் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் பெற்றோர்க்குத் தருவது எல்லோர்க்கும் தருவதே என அவர் கருதியிருக்கலாம்; அக்கால வழக்கும் அஃதே. ஆனால் உதவித்தொகை என்பது பெறுவோர் மூச்சுள்ள வரையே வருவது. அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் இட்ட பணம் அவர்க்குப் பின்னும் நிற்பது. அவ்வங்கி நம் நாட்டில் 1882 முதலே இருந்தது. நோயுற்ற ஓர் இளைஞர் ஐந்தாண்டு வரவை எழுதினார். தாம் இல்லாத ஆண்டினை எழுதினாரல்லர்.

1919 மார்ச்சு 27ஆம் நாள் அவர் பம்பாயில் வந்திறங்கினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிச் சென்னைச் சேத்துப்பட்டிற்கு வந்து, 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதில் உயிர்நீத்தார். அந்நாளில் ஜானகியம்மையார்க்கு வயது 21. கணவரின் இறுதி ஆண்டில் உடனிருந்து பேணியவர் அவரே. பின்னர்ப் பம்பாயில் உடன்பிறந்தார் இல்லத்தில் இருந்து தையற்றொழில் பயின்றார்; சென்னைக்கு மீண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்தும் பிறர்க்குத் தையல் கற்பித்தும் வாழ்ந்தார். 1994 வரை வாழ்ந்த அவர்க்குத் தொடக்கத்திற் பல்கலைக் கழகம் அளித்த உதவி திங்கள் 20 ரூபாய். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இராமானுஜனார் சில வாரம் பெற்ற சம்பளமும் அதே 20 ரூபாய்தான்.