லித்தோ கல்லும் ஒரு பேரிக்காயும்

பத்திரிகை கையில் கிடைத்தால் கார்ட்டூனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிற ஆசாமிதான் நானும். ஹொனோரே தோமியே என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பழக்கம் போயே போச்சு!

1808-ல் மார்செய் நகரில் பிறந்தவர் தோமியே. அப்பா கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. கவிதை எழுதிப் பெயர் வாங்கும் ஆசையில் பாரிசுக்கு வந்தவர். கவிதை சோறு போடுமா? பையன் சின்ன வயதிலேயே கோர்ட்டு அமீனா ஒருவரிடம் எடுபிடி வேலைக்குப் போனான். (பின்னாளில் அவர் வக்கீல்களை வரைந்த விதத்தைப் பார்த்தால், அங்கே சும்மா நிற்கவில்லை என்பது புரியும்.)

அப்புறம் லித்தோ கற்றுக்கொண்டார். அச்சுத்துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த பென்சிலால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால் கோட்டில் மட்டும் ஒட்டும், ஈரத்தில் ஒட்டாது. நம் ஆஃப்செட்டுக்கும் அடிப்படை இதேதான். செதுக்குகிற வேலை இல்லாததால் படம் சட்டென்று கடை ஜன்னலுக்கு வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் நின்று பார்ப்பான். அரசாங்கத்துக்குப் பயம் வராமல் இருக்குமா?

அப்போது மன்னர் லூயி பிலிப். தோமியேயின் பத்திரிகை முதலாளி ஷார்ல் ஃபிலிபோன், 1831-ல் கோர்ட்டிலேயே மன்னர் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை வரைந்து காட்டினார். பாரிஸ் பேச்சில் பேரிக்காய் என்றால் ஏமாளி, முட்டாள். அதன் பிறகு சுவரில் வெறும் காயை வரைந்தாலே போதும், ஆள் யாரென்று ஊருக்கே தெரியும்.

அதே வருடம் தோமியே மன்னரைப் பெருந்தீனி ராட்சசனாக வரைந்தார். ஏழைகளின் காசு கூடை கூடையாக வாய்க்குள் ஏறுகிறது. கீழே பட்டமும் பதவியுமாக வெளியே வருகிறது. படத்தை மேலிருந்து கீழே வாசித்தால் ஒரு வரவு செலவுக் கணக்கே இருக்கிறது! கிடைத்த பரிசு ஆறு மாதச் சிறை.

ஆனால் என்னை உலுக்கியது வேறொரு படம். 1834 ஏப்ரலில் பாரிசில் கலகம். டிரான்ஸ்னோனேன் தெருவில் ஒரு வீட்டுக்குள் ராணுவம் புகுந்து, இருந்தவர்களைக் கொன்றது. தோமியே வரைந்தது ஒரு படுக்கையறை. இரவு உடையோடு ஒருவர் கட்டிலோரம் சரிந்து கிடக்கிறார். அவர் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை. இருட்டில் ஒரு பெண், ஓரத்தில் ஒரு கிழவர் முகம். அவ்வளவுதான். சிப்பாய் இல்லை, துப்பாக்கி இல்லை, பேரிக்காயும் இல்லை. சுட்டவன் யார் என்ற கேள்வியைப் பார்ப்பவன் தலையில் போட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். இதில் எங்கே சிரிப்பது? இப்போதெல்லாம் எந்தக் கார்ட்டூனைப் பார்த்தாலும், இதில் யாரை வரையாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

போலீஸ் பிரதிகளைப் பறித்தது. கல்லையும் விடவில்லை. 1835-ல், தணிக்கை இல்லாமல் படமே போடக்கூடாது என்று சட்டம் வந்தது. தோமியே மன்னரை விட்டுவிட்டு வக்கீல், டாக்டர், வீட்டுக்காரர் என்று ஊர் மனிதர்களை வரையத் தொடங்கினார். பயந்துவிட்டார் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1848-ல் மன்னர் ஓடியதும் மறுபடி அரசியலுக்கு வந்தாரே!

சுமார் நாலாயிரம் லித்தோ படங்கள் போட்டும் கையில் காசு நிற்கவில்லை. கடைசியில் பார்வையும் போனது. ஓவியர் கோரோ வால்மோன்துவா கிராமத்தில் ஒரு வீடு கொடுத்து உதவினார். 1879-ல் அங்கேயே இறந்தார். பறிபோன கல்லில் இருந்து முன்பே அச்சாகியிருந்த சில தாள்கள் மட்டும் தப்பிப் பிழைத்து, இன்று மியூசியங்களில் இருக்கின்றன.