சுஜாதா: இயந்திரத்துக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்

புத்தாண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். வழமையாக நாவலர், பாரதியார், தனிநாயகம் அடிகள் என்றுதான் எழுதுவோம். இம்முறை எங்கட பிள்ளைகளும் விரும்பி வாசிக்கட்டும் என்று, பத்திரிகைக்கும் ரீவிக்கும் சினிமாவுக்கும் விஞ்ஞானக் கதை எழுதிய ஒருவரைத் தெரிவு செய்தேன். அவர்தான் எழுத்தாளர் சுஜாதா.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாவுக்கு வந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தேராவிலோ ஷார்ஜாவிலோ ஒரு அறைக்குள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஒரு விகடன். பிந்தித்தான் வரும். அட்டை கிழிந்துபோகும். ஆனாலும் சுஜாதாவின் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் யாரும் கிழிக்க விடமாட்டார்கள். வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கட்டிலில் படுத்தபடி கேட்ட காலம் அது.

இவருடைய சொந்தப் பெயர் ரங்கராஜன். 1935 மே 3 ஆம் திகதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். தகப்பனாருக்கு மின்சார வாரியத்தில் உத்தியோகம், அடிக்கடி இடமாற்றம். அதனால் ஸ்ரீரங்கத்தில் பாட்டியாரின் வீட்டில்தான் வளர்ந்தார். பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்துத் தேவதைகள் என்ற கதைகளில் அந்தத் தெருக்களையும் மனிதர்களையும் அப்படியே கொண்டுவந்து வைத்தார். ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கும். இது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகமும், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தார். பின்னாளில் இந்திய ஜனாதிபதியான அப்துல் கலாம் இரண்டு இடத்திலும் அவர் காலத்தில் படித்தவர். படிப்பு முடிந்து விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை செய்தார். பின்னர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராகப் பல வருடங்கள் இருந்தார். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கும் முக்கிய பங்கு உண்டு. 1982 இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பரிசோதித்துப் பார்த்த அந்த இயந்திரம், 2004 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் பயன்பட்டது.

எழுத்து அவருக்கு வேலை முடிந்த பிறகு செய்கிற காரியம். 1962 இல் குமுதத்தில் கதை வந்தது. அந்தப் பத்திரிகையில் ஏற்கனவே ரா.கி. ரங்கராஜன் என்ற பெயர்பெற்ற எழுத்தாளர் இருந்தார். பெயர் குழம்பக்கூடாதென்று மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். கனகாலம் எத்தனையோ வாசகர்கள் எழுதுகிறவர் ஒரு பெண் என்றே நம்பிக்கொண்டிருந்தார்களாம்!

1968 இல் நைலான் கயிறு தொடராக வந்தது. வழக்கறிஞர் கணேஷ் அதில்தான் அறிமுகமானார். பிறகு குறும்புக்காரனான உதவியாளர் வசந்த் வந்து சேர, கணேஷ், வசந்த் என்ற சோடி தமிழ் துப்பறியும் கதைக்கே ஒரு முத்திரையாகிவிட்டது. அதற்கு முந்திய துப்பறியும் கதைகளில் துப்பாக்கியும் தொப்பியும் கூடுதல். இவர் கதையில் மூளைக்குத்தான் வேலை. வசனம் சின்னச் சின்னதாக, பக்கத்து வீட்டுக்காரர் கதைக்கிற மாதிரி இருக்கும். அவருடைய நாவல்களிலிருந்து காயத்ரி (1977), பிரியா (1978) போன்ற படங்கள் வந்தன.

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. 1857 கிளர்ச்சியை வைத்து கறுப்பு சிவப்பு வெளுப்பு என்ற தொடரைக் குமுதத்தில் தொடங்கியபோது, ஒரு சமூகத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். தொடர் பாதியில் நின்றது. அவர் அதைக் கைவிடவில்லை. மாற்றி எழுதி, ரத்தம் ஒரே நிறம் என்ற பெயரில் முடித்தார். வணிகப் பத்திரிகைக்காரர் என்றும், பெண்களை வர்ணிப்பது அளவுக்கு மிஞ்சியது என்றும் அவர்மேல் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது.

இனி ரீவி விஷயத்துக்கு வருவோம். ஆனந்த விகடனில் அவர் எழுதிய என் இனிய இயந்திரா பின்னர் தூரதர்சனில் தொடராக வந்தது. தமிழ்ச் சின்னத்திரையில் விஞ்ஞானக் கதை என்பது அன்றைக்குப் புதுமை. கதை இருபத்தோராம் நூற்றாண்டில் நடக்கிறது. நாட்டை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். மனிதருக்குச் சின்னஞ்சிறு பெயரும் இலக்கமும்தான். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். அந்த நாட்டில் நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. அது புத்தகம் வாசிக்கும், பகிடி விடும், யோசிக்கும். கடைசியில் மனிதரை விட மனிதத்தன்மை அதற்குத்தான் கூட.

இந்தக் கதை எங்கட ஆட்களுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது? அகதி அட்டை, விசா, லேபர் கார்ட் என்று இலக்கங்களாலேயே வாழ்கிறவர்களுக்கு அது எதிர்காலக் கதையாகத் தெரியவில்லை. மனைவி பிள்ளையைக் கூப்பிடுவதற்கு அனுமதி கிடைக்குமா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவருக்கு நிலாவின் கவலை உடனே விளங்கியது.

இயந்திரம் மனிதனுக்கு எதிரியா, துணையா என்று அவர் கேட்ட கேள்விக்கு இந்த மண்ணிலேயே ஒரு பதில் கிடைத்தது. முன்பு ஒட்டகப் பந்தயங்களில் பாரம் குறைவாக இருக்கவேண்டும் என்று, ஏழை நாடுகளிலிருந்து கொண்டுவந்த சின்னப் பிள்ளைகளை ஒட்டகத்தின் மேல் ஏற்றினார்கள். 2005 இல் ஐக்கிய அரபு அமீரகம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றத் தடை விதித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் நாடுகளுக்குத் திரும்பினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் இன்று சின்ன றோபோக்கள் இருந்து ஓட்டுகின்றன. ஜீனோவைப் படைத்தவருக்கு இது நிச்சயம் பிடித்திருக்கும்.

எங்கள் துயரத்தையும் அவர் எழுதாமல் விடவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலானதை நாங்கள் மறக்க ஏலாது. அந்த எரிப்பை அடியாக வைத்து ஒரு லட்சம் புத்தகங்கள் என்ற சிறுகதையை எழுதினார். எரித்தவனைப் பற்றி மட்டுமல்ல, பதவிக்கும் சௌகரியத்துக்கும் வாயை மூடிக்கொள்ளும் படித்தவர்களைப் பற்றியும் அது கேட்கிறது. பிறகு 2002 இல் வந்த மணிரத்னத்தின் கன்னத்தில் முத்தமிட்டால் படத்துக்கு வசனம் அவர்தான். படகில் வந்து ராமேஸ்வரத்து முகாமில் பெற்றெடுத்த குழந்தையை விட்டுப் போன தாயையும், அவளைத் தேடிப் போகிற மகளையும் பார்த்து அழாத தாய்மார் எங்களுக்குள் யார்?

ரோஜா (1992), இந்தியன் (1996), முதல்வன் (1999) என்று அவர் வசனம் எழுதிய படங்கள் பல. அவர் பங்காற்றிய எந்திரன் 2010 இல் வெளிவந்தபோது அவர் இல்லை. 2008 பெப்ரவரி 27 ஆம் திகதி சென்னையில், 72 ஆவது வயதில் காலமாகிவிட்டார்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கொம்பியூட்டரைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று பலர் சிரித்த காலத்தில், ஏன் எதற்கு எப்படி என்று வாசகர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இவர் தமிழிலேயே விளக்கம் எழுதினார். அதே கையால் புறநானூற்றுக்கும் எளிய அறிமுகம் எழுதினார். விஞ்ஞானம் படித்தால் தமிழ் போய்விடும், தமிழ் படித்தால் முன்னேற்றம் போய்விடும் என்று யாராவது சொன்னால், இந்த மனிதரைக் காட்டுங்கள்.

அம்மா அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். புத்தாண்டுக் கைவிசேஷத்தோடு இவருடைய கதைப் புத்தகம் ஒன்றையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்கு அறைக்குள் எட்டுப் பேருக்கு ஒருவர் வாசித்தாரே, அதே மாதிரி.