இலங்கையின் அப்போஸ்தலர் புனித யோசேப் வாஸ் அடிகளார்



நம் ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் சரித்திரம் எழுதித் தரவேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் யோசேப் வாஸ் அடிகளாரின் பெயரைச் சொன்னேன். அவர் யார் என்று அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அவரைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் ஆலயங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. ஏப்ரல் 12-இல் வந்த உயிர்ப்புப் பெருவிழாப் பூசையை நான் காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் நிறைவேற்றினேன். குருவும் இல்லை, நன்மையும் இல்லை என்றால் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுவார்கள் என்றே அன்று நினைத்தேன். பிறகு நம் ஊர் நெசவாளர் வீடு ஒன்றில் மூதாட்டி ஒருவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்த மாதங்களில் பாவும் இல்லை, கூலியும் இல்லை, தறி சும்மா கிடந்தது. ஆனால் பொழுது சாய்ந்தால் தறிக்குழி ஓரமாக எல்லோரும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லையாம். கேட்ட எனக்கு வெட்கமாயிருந்தது. அன்றிரவு, குருமட நாட்களில் படித்த இந்தப் புனிதரின் வரலாறு நினைவுக்கு வந்தது.

யோசேப் வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவா நாட்டுப் பெனாவ்லிம் என்னும் ஊரில் பிறந்தார். அது அவர் தாயாரின் ஊர்; தந்தையின் ஊர் சங்க்வால். கொங்கணி பேசும் குடும்பம். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், தாம் தேவதாயின் அடிமை என்று ஓர் அடிமைச் சாசனம் எழுதிக் கையெழுத்திட்டார். அக்காலத்தில் அடிமை என்றால் சந்தையில் விலைக்கு வாங்கி விற்கப்படும் ஆள் என்று பொருள். அந்தச் சொல்லை ஒரு குரு தம்மேல் தாமே போட்டுக்கொண்டது வெறும் அலங்காரப் பேச்சல்ல என்பது பின்னால் தெரிய வந்தது.

இனி இலங்கையின் நிலையைப் பார்ப்போம். போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்கள் கால்வீனிய சபையினர். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று சட்டம் வந்தது. கோயில்களை ஒல்லாந்தர் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானமும் கலியாணமும் அவர்கள் சபையில் நடந்து, அவர்கள் தோம்புப் புத்தகத்தில் பதிந்தால்தான் செல்லும். ஆகவே பலர் வெளிக்கு அங்கே போய் வந்தார்கள். இரவில் வீட்டுக்குள் பழைய ஜெபங்களைச் சொன்னார்கள். கோழைகள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குச் சொத்துரிமை போய்விடும் என்ற பயத்தில் இருந்த ஒரு தகப்பனை, பயமில்லாத காலத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் எப்படித் தீர்ப்பிடுவது?

இப்படி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர்களுக்குப் பூசை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது, அவஸ்தைப்பூசுதல் கிடையாது. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, குருவின் முகத்தையே காணாமல் பிள்ளை பெற்றுவிட்டது. மனிதக் கணக்குப்படி அந்தத் திருச்சபை முடிந்து போயிருக்க வேண்டும்.

இந்தச் செய்தி கோவாவில் இருந்த வாஸ் அடிகளாரை உறங்கவிடவில்லை. வெள்ளைக்காரக் குரு போனால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். இந்தியக் குரு போனால் கூலிக்காரனைப்போல் நுழைந்துவிடலாம் என்று அவர் கண்டார். ஆனால் உடனே அனுப்பப்படவில்லை. முதலில் கன்னட நாட்டுக் கடற்கரையில் மூன்றாண்டுகள் உழைத்தார். திரும்பி வந்து, கோவாவில் உள்நாட்டுக் குருக்கள் கூடி வாழத் தொடங்கியிருந்த புனித பிலிப்பு நேரியின் ஓரட்டரி சபையில் 1685-இல் சேர்ந்து அதன் தலைவரானார். அடுத்த ஆண்டே அதை விட்டுப் புறப்பட்டார். உடன் யோவான் என்னும் ஊழியர் ஒருவர் வந்தார். இந்த யோவானைப் பற்றி நூல்கள் இரண்டொரு வரிதான் எழுதுகின்றன. அவருக்குப் பட்டமும் இல்லை, பீடமும் இல்லை. பூசைக்கு உதவி செய்து, சோறாக்கி, சுமை தூக்கி, சிறைக்கும் கூடவே போனார். நம் உபதேசியார்களையும் கோயில்பிள்ளைகளையும் நினைக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இருவரும் மலையாளக் கரை வழியாய்த் தூத்துக்குடி வந்து, 1687-இல் தோணி ஏறினார்கள். காற்றிலும் கடலிலும் அலைக்கழிந்து யாழ்ப்பாணம் சேர்ந்தபோது, அடிகளார் கடும் வயிற்றுக்கடுப்பில் எழுந்து நிற்கவும் மாட்டாதவராயிருந்தார். யாரென்று அறியாமலே ஒரு பெண்மணி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் உயிர் பிழைத்தார் என்று சொல்வார்கள்.

உடம்பு தேறியதும் ஒரு வேலை செய்தார். பிச்சைக்காரக் கோலத்தில், கழுத்தில் ஜெபமாலை தெரியும்படி போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டார். பிச்சை போடும் கைகளை அவர் பார்க்கவில்லை. ஜெபமாலையைக் காணும் கண்களைப் பார்த்தார். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் கவனிக்கவே இல்லை. எங்கேயாவது ஒரு வீட்டில் ஒருவர் அதைக் கண்டு திடுக்கிட்டு நின்றால், அந்த வீட்டை நினைவில் வைத்துக்கொண்டார். இப்படி ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்து, அவர்களும் அவரை நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான், தாம் கத்தோலிக்கக் குரு என்று வெளிப்படுத்தினார். உயர்குலத்தில் பிறந்தவர் அவர். கூலியாளாகவும் பிச்சைக்காரராகவும் எல்லார் வாசலிலும் போய் நின்றார். சாதிப் பெருமை பேசுவோர் நம் நடுவிலும் இல்லாமலில்லை. அவர்கள் இந்த இடத்தை இரண்டாம் முறை வாசிக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக்கு அருகே சில்லாலை என்னும் ஊர் அவருக்குப் புகலிடமாயிற்று. விசுவாசத்தில் உறுதியாக நின்ற ஊர் அது. பகலில் ஒளிந்திருந்து, இரவில் பூசை வைத்து, விடியுமுன் ஊர் மாறினார். விதைக்க வந்தவருக்கு அறுவடை காத்திருந்தது என்றே சொல்லவேண்டும். முப்பது ஆண்டுகள் தாய்மாரும் பாட்டிமாரும் காத்து வைத்ததைத்தான் அவர் கண்டெடுத்தார்.

1689-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு. பூசைக்காக மக்கள் கூடியிருந்த வீடுகளுக்குள் ஒல்லாந்துச் சிப்பாய்கள் புகுந்தார்கள். சுமார் முந்நூறு பேர் பிடிபட்டார்கள். சுரூபங்கள் உடைபட்டன. தேடி வந்த குரு மட்டும் அகப்படவில்லை. பெண்களை விட்டுவிட்டார்கள், ஆண்களுக்கு அபராதம் விதித்தார்கள், முக்கியமானவர் எட்டுப் பேருக்குக் கொடும் தண்டனை. அவர்களில் கால்வீனிய சபையை விட்டு நம் வேதத்தில் சேர்ந்திருந்த ஒருவர் கசையடியில் உயிர் துறந்தார். தப்பிய குருவின் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. தம் ஒருவரால் இத்தனை பேருக்குத் துன்பம் என்ற நினைப்பு, சிறையைவிடக் கொடியது. ஆனாலும் அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. ஒல்லாந்தர் கைக்கு எட்டாத கண்டி இராச்சியத்தின் புத்தளத்துக்குப் போனார்.

1692-இல் கண்டித் தலைநகருக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கீச ஒற்றர் என்று கோள் சொல்லிச் சிறையில் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து இருவரும் சிங்களம் கற்றார்கள். காவல் தளர்ந்ததும் ஒரு குடிசை போட்டு அதையே கோயிலாக்கினார்கள். கண்டியிலிருந்த விசுவாசிகள் சிறை தேடி வந்தார்கள். ஒரு சமயம் நாட்டில் மழை பொய்த்தது. அடிகளார் வெளியில் பீடம் அமைத்துச் சிலுவை நாட்டி முழந்தாளிட்டார், மழை கொட்டிற்று. அவரும் பீடமும் நனையவில்லை என்று வரலாறு சொல்லும். இதை நம்பச் சிரமப்படுவோரோடு நான் வாதாட வரவில்லை. பௌத்தரான அரசர் விமலதர்மசூரியர் அவரை விடுவித்து, தம் நாட்டில் வேதம் போதிக்க அனுமதி தந்தார்.

எனக்கு மழையைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1697-இல் நடந்தது. கண்டியில் வைசூரி பரவியது. அரசர் நகரை விட்டுப் போனார். பெற்ற பிள்ளைகளே நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அப்போதுதான் கோவாவிலிருந்து உதவிக்குச் சில குருக்கள் வந்திருந்தார்கள். அதுவரை ஏறக்குறைய பத்தாண்டுகள் அந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. அவரும் கர்வால்யோ அடிகளாரும் நோயாளிகளைத் தூக்கி வந்து, குடிசையில் கிடத்தி, புண் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைக் கையால் குழி தோண்டிப் புதைத்தார்கள். எந்த வேதத்தான் என்று கேட்கவில்லை.

1705-இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து சேர்ந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஞான நூல்கள் எழுதினார். குரு இல்லாமற்போனாலும் மக்கள் கையில் புத்தகம் இருக்கும் என்பது அந்த ஏற்பாடு. அந்த மிஷன் முழுவதும் இந்தியக் குருக்களாலேயே நடந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

உழைப்பிலும் நோயிலும் தேய்ந்துபோன வாஸ் அடிகளார், 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறந்தார். வயது ஐம்பத்தொன்பது, ஏறக்குறைய என் வயதுதான். கடல் கடந்த பின் சொந்த ஊரை அவர் பார்க்கவேயில்லை. ஒல்லாந்தர் சட்டம் அப்போதும் நீங்கவில்லை. அவர் தம் கண்ணால் விடுதலையைக் காணவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், 1806-இல்தான் கத்தோலிக்கருக்கு முழு உரிமை கிடைத்தது. அவர் இறந்து தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து!

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995 ஜனவரி 21-இல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அதே நகரில், 2015 ஜனவரி 14-இல், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் திருநாள் ஜனவரி 16. நம் வீடுகளில் மாட்டுப் பொங்கல் அல்லது காணும் பொங்கல் நடக்கும் நாள். அதனால்தானோ என்னவோ, நம் பக்கத்தில் அது கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

அவர் இறந்து சில பத்தாண்டுகளில் கண்டியிலும் காற்று மாறியது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஆலயங்கள் அழிக்கப்பட்டன. அவரை அடக்கம் செய்த இடம் இதுதான் என்று இன்று யாராலும் காட்ட முடியவில்லை. சில்லாலை இன்றும் கத்தோலிக்க ஊராகவே இருக்கிறது.